அறை யாருக்கு?

சென்ற மாதம் ஒரு பட்டறையில் எடுபிடிப் பையன் ஒருவன் அறை வாங்கினான். வேலைக்கு நின்றது என் பழைய ராஜ்தூத் 350. எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவின் உரிமம் பெற்று 1983-இல் கொண்டுவந்ததே, அந்த வண்டி. சைலன்ஸரைக் கழற்றும்போது, அதைச் சிலிண்டரோடு பிடித்திருந்த ஸ்டட் பையன் கையில் முறிந்துவிட்டது. பளாரென்று விழுந்தது அறை. பையன் வாய் திறக்கவில்லை. அவனுக்காக நான் பேசுகிறேன்.

முறித்தவன் அவன் அல்ல. அந்த ஸ்டட்டை என்றைக்கோ மாட்டினானே, அவன்தான் முறித்தான்.

சிலிண்டர் அலுமினியம், ஸ்டட் உருக்கு. சூடேறினால் அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஆறினால் சுருங்கும். இடுக்கில் மழைநீர் புகுந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பூத்து, மரையைக் கவ்விக்கொள்ளும். இதற்காகத்தான் மாட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. துளையைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் பசையைக் கொஞ்சம் தடவி, ஸ்டட்டைக் கையால் திருக வேண்டும். கடைசிச் சுற்றுக்கு இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று பூட்டி, வெளி நட்டில் ஸ்பேனர் வைத்து, அடக்கமாகத் திருப்பினால் போதும். சைலன்ஸரை இறுக்கிப் பிடிப்பது பிறகு போடும் நட்டின் வேலை. ஸ்டட்டை வெறிகொண்டு முறுக்குகிறவனுக்குத்தான் மரை கழன்றிருக்கிறது!

"சில்லறைக் காசுச் சாமானுக்கு இத்தனை சாஸ்திரமா?" என்கிறார்கள். சாமான் சில்லறைதான், ஐயா. முறிந்து உள்ளே தங்கிய துண்டின் நடுமையத்தில் துளை போட்டுப் பாருங்கள். உருக்கு கெட்டி, சுற்றியுள்ள அலுமினியம் மெத்து. துரப்பணம் மெத்தான பக்கமே வழுக்கும். மயிரிழை விலகினால் சிலிண்டரின் மரை போயிற்று. அப்புறம் துளையைப் பெரிதாக்கி, புதுமரைச் சுருள் வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும்.

"நம்ம ஆள் கைப்பலத்திலேயே எதையும் முடித்துவிடுவான்" என்று பெருமை வேறு! முரட்டுத்தனத்தைத் திறமை என்று மெச்சி மெச்சியே தொழிலைக் கெடுத்துவிட்டோம். எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கைக்கு மெச்சுகிறவர் இல்லை. அது சத்தம் போடுவதில்லை அல்லவா?

வீடு திரும்பும் வழியில்தான் ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த ஸ்டட்டை மாட்டியவர் அறைந்த அதே முதலாளி. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, தம் கட்டி முறுக்கினார். பக்கத்தில் நின்று "பேஷ்!" என்றவன் நான்.

அந்த அறையில் பாதி எனக்குச் சேர வேண்டியது.