கூடை சொல்லும் ஜோசியம்

"விலைவாசி ஏற்றம் தணிந்துவிட்டதாம்!" என்று பத்திரிகையும் கையுமாக அறிவித்தார் அடுத்த வீட்டுக்காரர். அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து கூடையுடன் திரும்பிய அவர் மனைவி, "எந்த ஊரிலே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பேச்சு அதோடு நின்றது.

யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் சரிதான். ஏற்றம் தணிந்தது என்றால் விலை இறங்கிவிட்டது என்று அர்த்தமல்ல. சென்ற வருஷம் ஓடி ஏறிய விலை, இந்த வருஷம் நடந்து ஏறுகிறது. அவ்வளவுதான்!

இனி விலைவாசி எவ்வளவு ஏறும் என்று கேட்டால், ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகவே சொல்வது வழக்கம். "பெண்கள் எதையும் பெரிதுபடுத்துவார்கள்" என்று சிரிக்கும் கணவன்மார்களுக்கு ஒரு செய்தி. டி'அகுன்டோ, மால்மெண்டியர், வெபர் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் அமெரிக்கக் குடும்பங்களில் கணவன், மனைவி இருவரின் அபிப்பிராயத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். கடைக்குப் போவது மனைவியின் வேலை என்றிருந்த வீடுகளில்தான் இந்த வித்தியாசம் தெரிந்தது. கணவனும் சாமான் வாங்கப் போகும் வீடுகளில் அது மறைந்துபோயிற்று! ஆக, விஷயம் பெண்ணின் சுபாவத்தில் இல்லை. கையிலுள்ள கூடையில் இருக்கிறது.

ஆனால் கூடைக்கும் ஒரு குறை உண்டு. அடிக்கடி வாங்கும் பொருளின் விலைதான் மனத்தில் பதிகிறது. அதிலும், ஏறிய விலை நிற்கிற அளவுக்கு இறங்கிய விலை நினைவில் நிற்பதில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது தெருவெல்லாம் அதே பேச்சு. செப்டம்பருக்குள் விலை சரிந்தபோதோ, ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு மறந்துவிட்டோம். அதனால்தான் நம் ஜோசியம் பல சமயம் நடப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போய்விடுகிறது.

இந்த ஜோசியம் அடுப்பங்கரையோடு நிற்பதுமில்லை. விலை ஏறப்போகிறது என்று பயந்து எல்லாரும் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினால், அந்த அவசரமே விலையை ஏற்றிவிடும். எனவேதான் ரிசர்வ் பாங்கு 2005 செப்டம்பர் முதல், சென்னை உள்படப் பல நகரங்களில் குடும்பங்களிடம் விசாரித்து வருகிறது. இன்னும் மூன்று மாதத்தில் விலைவாசி எப்படியிருக்கும், ஒரு வருஷத்தில் எப்படியிருக்கும் என்பதே கேள்வி. வட்டி விகிதத்தை நிர்ணயிக்கும்போது அந்தப் பதில்களையும் கவனிக்கிறார்கள். நீங்கள் வீட்டில் முணுமுணுப்பது பம்பாய் வரையில் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஆகவே, கணக்கு நோட்டில் ஏறிய விலையோடு இறங்கிய விலையையும் குறித்து வையுங்கள். உங்கள் ஜோசியம் இன்னும் நன்றாகப் பலிக்கும்.

இதையெல்லாம் அடுத்த வீட்டு அம்மாளிடம் சொன்னேன். மறு ஞாயிற்றுக்கிழமை கூடை கணவர் கைக்கு மாறியது. திரும்பி வந்த மனிதர் பத்திரிகையைத் தொடவில்லை.

"கத்தரிக்காய் என்ன விலை விற்கிறது தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.