மயக்கமா கலையை ஈன்றது?

‘போதை இல்லையேல் கலை இல்லை’ என்றொரு வாதம் மேனாட்டு இசையுலகில் நெடுநாளாக உலவி வருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளுள் சிலரும் அதனைக் கிளிப்பிள்ளை போல் ஒப்பிக்கக் கேட்டிருக்கிறோம். ஆதாரம் எங்கே என்றால், எரிக் கிளாப்டனைச் சாட்சிக்கு இழுப்பர். இழுக்கட்டும். அந்தச் சாட்சியை நாமும் குறுக்கு விசாரணை செய்வோம்.

1945இல் இங்கிலாந்தின் ரிப்ளி என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். ஈன்றவள் 16 வயதுப் பெண். தந்தை கனடாவிலிருந்து வந்த போர்வீரர். பாட்டியைத் தாயென்றும், பெற்ற தாயைத் தமக்கையென்றும் நம்பி வளர்ந்த சிறுவனுக்கு 9 வயதளவில் உண்மை தெரிந்தது. அந்தப் புண் ஆறுமுன்னரே புகழ் வந்தது. 1960களில் லண்டன் சுவர்களில் அவரைக் கடவுள் என்றே எழுதி வைத்தனர். ஒரு மனிதனின் தோளில் ஏற்றக்கூடாத சுமை அது!

1970இல் பிறந்தது ‘லைலா’ என்னும் பாடல். ஆம், நம் இல்லங்களில் பாட்டிமார் சொல்லும் அதே லைலாதான். நிஜாமியின் காவியத்தை அவருக்கு அறிமுகப்படுத்திய நண்பர் இயான் டல்லாஸ், பின்னர் இஸ்லாத்தைத் தழுவி ஷைகு அப்துல் காதிர் அஸ்ஸூஃபி என அறியப்பட்டவர். தம் தோழர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி மீது கொண்ட ஏக்கத்தை மஜ்னூனின் ஏக்கமாகப் பாடினார் கிளாப்டன். பிறன்மனை நாடிய அந்தக் காதலை நாம் மெச்சவில்லை. பாட்டின் வேதனை மெய்யானது என்பதை மறுக்கவுமில்லை. ஆனால் அதைப் போதையின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்? காவியத்தை யாத்த நிஜாமியோ, மதுவைத் தம் உதடு தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்தவர். (அவர் பிறந்த ஊரின் பெயர் கஞ்சா என்பது கேட்டு நகைப்பவர் நகைக்கட்டும்!)

அடுத்து வந்த ஆண்டுகளைப் பாருங்கள். ஹெராயின் அவரை முழுதாகப் பற்றியபின், மூன்றாண்டு காலம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தார். 1971 ஆகஸ்டில், வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் நடந்த இசை நிகழ்ச்சிக்குக்கூட, மருந்து கிடைக்காத தவிப்போடுதான் வந்து நின்றார். கலையின் ஊற்று போதைதான் என்றால், அது பொங்கிப் பெருகியிருக்க வேண்டிய காலமன்றோ அது? பெருகவில்லை, வறண்டது.

1974இல் ஹெராயின் விலகிற்று; அந்த இடத்தில் மது வந்து அமர்ந்தது. 1976 ஆகஸ்டில், பர்மிங்காம் மேடையில் குடிபோதையில் நின்று, குடியேறிய மக்களை நாட்டைவிட்டு விரட்டுமாறு பேசினார். ஈனாக் பவலைப் புகழ்ந்தார். கறுப்பின மக்களின் புளூஸ் இசையால் வயிறு வளர்த்தவர் பேசிய பேச்சு இது! குடிவெறியில் உளறியது என்று இதைத் தள்ளிவிட நாம் ஒப்போம். குடி ஒரு காரணமாகலாம், மன்னிப்பாகாது. இதற்காகத் தாம் வெட்கப்படுவதாக அவர் 2018இல் வெளிப்படையாகக் கூறினார். மிகப் பிந்திய சொல்தான்.

இனி மறுபக்கத்தாரிடமும் ஒரு வழக்குண்டு. ‘விழுந்தவன் எழமாட்டான்’ என்று முத்திரை குத்தி, குடும்பத்துப் பையனை ஊரார் கண்ணிலிருந்து மறைத்து வைக்கும் கண்ணியவான்களுக்குச் சொல்கிறோம். கிளாப்டன் 1982இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துச் சிகிச்சை இல்லத்திற்குச் சென்றார். திரும்பி வந்து மீண்டும் குடித்தார். 1987இல் மறுபடியும் அதே வாசலுக்குச் சென்றார். அங்கே, தம் அறையில் தனிமையில் மண்டியிட்டு உதவி கேட்டதாகவும், அன்றுமுதல் காலையும் இரவும் அவ்வாறே வேண்டுவதாகவும் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். முதல் தோல்வியோடு கதவை அடைத்திருந்தால்?

1991 மார்ச்சில், 4 வயது மகன் நியூயார்க்கில் 53ஆவது மாடியிலிருந்து விழுந்து இறந்தான். குடிப்பதற்கு அதைவிடப் பெரிய சாக்கு வேண்டுமா? அவர் குடிக்கவில்லை. அந்தத் துயரில் எழுந்த பாடல் உலகெங்கும் ஒலித்தது. 1992இல் வெளிவந்த ‘அன்பிளக்டு’ இசைத்தட்டே அவருடையவற்றுள் மிகுதியாக விற்றது. தெளிந்த கண்ணீரில் பிறந்த கலை அது. போதைவாதிகள் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

1998இல், ஆன்டிகுவா தீவில் போதையிலிருந்து மீள்வோருக்கென ஓர் இல்லம் நிறுவினார். அடுத்த ஆண்டு அதற்கு நிதி திரட்டத் தம் கிதார்களில் 100ஐ ஏலத்தில் விட்டார். ‘லைலா’வை ஒலிப்பதிவு செய்தபோது அவர் மீட்டிய பழைய கிதாரும் அவற்றுள் ஒன்று. அது 4,97,500 டாலருக்கு விலைபோயிற்று.