வேட விருந்தும் செக்ரோலும்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் பட்டணத்து நண்பர்கள் சிலருக்கு ஒரு புது நோய் கண்டுவிடுகிறது. நியூயார்க்கு மாநகரின் மெட்ரோபாலிட்டன் கலைக் காட்சிசாலையில், வழக்கமாக அம்மாதத்து முதல் திங்கட்கிழமை அந்தியில் நடக்கும் ஆடையலங்கார விருந்தின் படங்களைக் கைத்தொலைபேசியிற் காட்டி, "பார்த்தீரா கிராணியாரே, இந்தியப் பெண்ணொருத்தி சேலையுடுத்திப் படியேறினாள்! நம்மவர் தலைநிமிர வேண்டாமா?" என்று வினவுகின்றனர். மறுபுறம், "இது என்ன கோலம்! அரையும் குறையுமாய்!" என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்களும் உளர். இவ்விரு சாராரும் பார்க்கவேண்டியதைப் பாராமல் விட்டனர் என்பதே நமது கட்சி.

வேடம் பூணுவதிற் குற்றமென்ன? நம் பாட்டன்மார் லயங்களில் வாழ்ந்த காலத்தில், பகலெல்லாம் பால்மரம் வெட்டிய ஆள் இரவிலே அட்டைக் கிரீடம் தாங்கி அரிச்சந்திரனாய் நின்றான். மூங்கிற் பட்டையும் வர்ணக் காகிதமுமே அவனுக்கு ஆபரணம். முன்வரிசையிற் சாக்கு விரித்துத் தூங்கி விழுந்த குழந்தைக்குக் கட்டணமுமில்லை. இல்லாதவன் ஓர் இரவுக்கு அரசனானான், அதுவன்றோ வேடம்! நியூயார்க்கிலோ, உள்ளவன் இன்னும் உள்ளவனாக வேடந் தரிக்கிறான். முன்னதைக் கற்றோர் கூத்தென்று இகழ்ந்தனர். பின்னதைக் கலைத்தொண்டென்று போற்றுகின்றனர்.

அக்காட்சிசாலையின் ஆடைப் பகுதி பிறந்த கதையை அறிந்தோர் நம்மைப் போலவே வியப்புறுவர். ஐரின் லூவிசோன் என்னும் அம்மையாரும் அவர்தம் சகோதரியும் 1915-இல், குடியேறிய ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த கீழ்க்கிழக்கு நியூயார்க்கிலே ஒரு நாடகசாலை கண்டனர். தையற் கூடங்களில் ஊசி பிடித்துக் கண்ணையும் காலத்தையும் இழந்தோர் மலிந்த பகுதி அது. நாடகத்தில் ஈடுபட்ட அந்த ஐரின் அம்மையாரே 1937-இல் ஆடைக்கலைக் காட்சிசாலை யொன்றை நிறுவினார். 1946-இல் அது மெட்ரோபாலிட்டனுடன் இணைந்தது. இரண்டாண்டு கழித்து, 1948-இல், அதற்குப் பொருள் திரட்ட முதல் விருந்து நடந்தது. சீட்டு 50 அமெரிக்க வெள்ளி. 2025-இலோ ஒருவருக்கு 75,000 அமெரிக்க வெள்ளி!

கணக்கெழுதிப் பிழைப்பவராதலின் நாம் இதைக் கணக்கிட்டும் பார்த்தோம். நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. அச்சம்பளக்காரர் ஒருவர் உண்ணாமல் உடுக்காமல் ஏறத்தாழப் பதினைந்தாண்டு உழைத்துச் சேர்த்தால், ஓர் இரவு அங்கே அமர ஒரு நாற்காலி கிடைக்கும். அதுவும் அழைப்பிருந்தால்.

"அப்பணம் காட்சிசாலைக்கன்றோ போகிறது?" என்று விருந்தின் வக்கீல்கள் கேட்பர். உண்மை; மறுக்கின்றோமில்லை. அக்காட்சிசாலையில் தன் செலவுக்குத் தானே பொருள் தேடவேண்டிய பகுதி ஆடைப் பகுதி ஒன்றே. 2025 விருந்தில் 3 கோடியே 10 லட்சம் அமெரிக்க வெள்ளி திரண்டது. 2018-இல் கத்தோலிக்க சமயமும் ஆடையும் பற்றி அங்கு அமைத்த கண்காட்சியை 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டு சென்றனர். நன்று. ஆயினும் சித்திரமும் சிலையும் பிச்சையெடாதிருக்க, துணி மாத்திரம் ஏன் ஆண்டுதோறும் சீமான் வீட்டு வாசலில் நிற்க நேர்ந்தது? துணி பெண்டிர் விஷயம், தையற்காரன் விஷயம் என்ற பழைய இளக்காரமன்றி வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

இனி, நம்மவர் பெருமைக்கு வருவோம். 2024-இல் ஆலியா பட் என்னும் நடிகை உடுத்திய சேலைக்கு 163 பேர் உழைத்தனரென்று அவரே கூறினார். கூறியது அவரது நற்குணம். ஆனால் 163 என்னும் எண் உலகமெல்லாம் பரவியது; அந்த நூற்றறுபத்து மூவரில் ஒருவர் பெயரேனும் நம் செவிக்கு எட்டியதில்லை. 2023-இலும் 2025-இலும் அப்படிக்கட்டில் விரித்த விரிப்பு எங்கே நெய்யப்பட்டது? கேரளத்து ஆலப்புழை மாவட்டத்திலே, கற்றாழை நாரினால்! படியேறிய பாதம் யாருடையதென்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. பாதத்தின் கீழே கிடந்தது யாருடைய கைவேலை?

எண்ணென்றால் நம்மவருக்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்கு ஏறிய நம் மக்கள் கழுத்திலே எண் பொறித்த தகரத்துண்டைத் தொங்கவிட்டனர், பெயரைக் கேட்பாரில்லை. இன்று நாம் எழுதும் செக்ரோலில் அந்த அநியாயம் நடவாது. குலை வெட்டியோர் எண்மரென்றால் எட்டுப் பெயரும் ஏறவேண்டும். வங்கதேசத்தவராயினும் இந்தோனேசியராயினும், பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் மறுநாட் காலைப் பெரட்டில் நம்மிடம் வழக்குக்கு நிற்பார். நிற்பது நியாயமே.

2025 விருந்துக்கும் கண்காட்சிக்கும் எடுத்துக்கொண்ட பொருளோ, கறுப்பின மக்களின் உடைநேர்த்தி. மோனிகா மில்லர் என்னும் பேராசிரியை 2009-இல் வெளியிட்ட நூலே அதற்கு அடிப்படை. அடிமைக்குச் சரிகை வைத்த சட்டை மாட்டி, எசமானன் தன் செல்வத்தை ஊருக்குக் காட்டினான். பின்னர் அம்மக்களே உடையைத் தம் மானத்தின் கொடியாக்கிக்கொண்டனர். இந்த வரலாற்றைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிட்டு, பேழைக்கு வெளியே, எவர் உழைப்பால் ஆடை வந்ததென்று கேளாமலே விருந்துண்டனர். இதை என்னென்பது!

பிறர் முதுகைக் காட்டும் நாம் நம் முதுகையும் காட்டக் கடமைப்பட்டுள்ளோம். முன்னொரு சமயம் ஒரு தமிழ்ப்பள்ளியின் மாறுவேடப் போட்டிக்கு நம்மை நடுவராக அழைத்தனர். வாடகைப் பட்டில் இராசராசன் வந்தான். வெள்ளைக் கோட்டில் டாக்டர் வந்தாள். ஒரு சிறுவன் தகப்பனாரின் பழைய சட்டையும், முழங்கால் தாண்டிய சப்பாத்தும், காகிதத்திற் செய்த அரிவாளுமாய்ச் செம்பனைக் குலை வெட்டுபவனாக வந்தான். சபையிற் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம். முதற்பரிசை இராசராசனுக்கே எழுதினோம். பையனின் தகப்பனார் கடைசி வரிசையில் நின்றிருந்தார். அவர் பெயரை நாம் நாள்தோறும் எழுதுகிறோம்.

ஆதலின் விருந்தை நிறுத்துக என்பது நம் கோரிக்கையன்று. அக்காட்சிசாலையில் ஒவ்வோர் ஆடையின் அருகிலும் ஒரு சிறு சீட்டு உண்டு. ஆடையை வடிவமைத்தவர் பெயர் அதில் இருக்கும். நன்கொடையாளர் பெயரும் இருக்கும். நெய்தவர், தைத்தவர், பூவேலை செய்தவர் ஆகியோருக்கு அதன் கீழே இடமில்லையா? நூற்றறுபத்து மூன்று பெயர் எழுத இரண்டு தாள் போதும். அதனினும் நீண்ட பட்டியலை ஒரு தோட்டத்துக் கிராணி மாதந்தோறும் எழுதுகிறான்.