இஞ்சினியருக்கு இங்கிலீஷ் மட்டும் போதுமா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாலே இஞ்சினியரிங் காலேஜ்களில் ஒரு பல்லவி ஆரம்பித்துவிடும். "பசங்களுக்கு சப்ஜெக்ட் தெரியுது சார், கம்யூனிகேஷன்தான் இல்லை." உடனே ஒரு டிரெய்னர் வருவார். டை கட்டுவது எப்படி, கை குலுக்குவது எப்படி, செல்ஃப் இன்ட்ரோவில் ஹாபி என்று எதைச் சொல்வது... மூன்றே நாளில் கம்யூனிகேஷன் ரெடி!

இங்கிலீஷ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இன்டர்வியூவைத் தாண்ட அது வேண்டும்தான். ஆனால் வேலையில் சேர்ந்தபின் ஒரு இஞ்சினியர் சொல்லியாக வேண்டிய விஷயங்களை இந்த வகுப்புகள் தொடுவதே இல்லை.

கொலம்பியா விண்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 ஜனவரி 16 அன்று கிளம்பிய சுமார் 82 நொடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே போயிங் இஞ்சினியர்கள் பாதிப்பைக் கணக்கிட்டு, நாசா அதிகாரிகளுக்கு பவர்பாயிண்ட் போட்டுக் காட்டினார்கள். முக்கியமான ஸ்லைடின் தலைப்பைப் படித்தால், பழைய சோதனைகளின்படி பெரிய பயமில்லை என்றுதான் தோன்றும். அதே ஸ்லைடின் அடியில் என்ன இருந்தது? சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம். இப்போது மோதியது 1920 கன அங்குலம் என்று மதிப்பீடு. 640 மடங்கு! அந்தச் சோதனைகளை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதல்லவா தலைப்பாக இருந்திருக்க வேண்டும்?

பிப்ரவரி 1 அன்று தரையிறங்கும் வழியில் விண்கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட 7 பேரும் இறந்தார்கள். பிறகு விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடைப் பிரித்து மேய்ந்தது. இத்தனையும் நடந்தது இங்கிலீஷ் பேசும் நாட்டில்.

(பி.காம் படிப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். தணிக்கை அறிக்கையில் ஆடிட்டரின் கருத்து முன்பெல்லாம் கடைசியில் வரும். 2018 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டிலிருந்து அதை முதலிலேயே எழுத வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.)

ராட்னி ரோச்சா என்ற நாசா இஞ்சினியரின் கதை இன்னும் மோசம். இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்ற கோரிக்கை மறுக்கப்பட்டதும், அது தவறான முடிவு என்று காட்டமாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். ஆனால் அனுப்பவில்லை. மேலதிகாரிகளைத் தாண்டிப் போகத் தயக்கம். அங்கேயே இந்தக் கதி என்றால், வகுப்பில் சந்தேகம் கேட்டாலே "உக்காருடா" என்று சொல்லி வளர்க்கும் ஊரில்? நான்கு வருடம் வாயை மூட வைத்துவிட்டு, கடைசி செமஸ்டரில் பேசச் சொல்லிக் காசு கட்டி வகுப்பு வைக்கிறார்கள்.

நம்மூர் சைட்டுக்கு வாருங்கள். கலவை இளகலாக இருந்தால் போட வசதி என்று மேஸ்திரி இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். அந்தக் கூடுதல் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் உள்ளே துளைகளாக நின்று கான்கிரீட்டின் பலம் குறையும். இது புது இஞ்சினியருக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறார். ஆனால் முப்பது வருடம் கட்டிடம் கட்டிய மனிதரிடம், அவர் மனம் கோணாமல், தமிழில் அதை எடுத்துச் சொல்ல வரவில்லை. "கோட்ல அப்படித்தான் இருக்கு" என்கிறார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே ஊற்றுகிறார்.

டிரெய்னருக்குக் கொடுக்கும் காசில் ஒரு மேஸ்திரியை காலேஜுக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்கட்டும். ஃபைனல் இயர் சிவில் பசங்கள் ஒவ்வொருவராக வந்து அந்தத் தண்ணீர் கணக்கை அவருக்கு விளக்கட்டும். மார்க்கை அவரே போடட்டும்.