கதிர்வீச்சுக்கு முன் பல் மருத்துவர்

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்த ஒருவருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தர முடிவானதும், அவரைப் பல் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். ஏன் தெரியுமா?

மார்சிலிங்கிலிருந்து ஊட்ரம் வரை தாத்தா பாட்டிக்குத் துணையாகச் சென்று, தேசியப் புற்றுநோய் நிலையத்தில் மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு உங்களில் சிலருக்கு என்றாவது வரலாம். "புற்றுநோய்க்கு வந்தவளைப் பல் பிடுங்கச் சொல்றாங்களே, நாள்தான் வீணாகுது" என்று பாட்டி கோபித்துக்கொண்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

கதிர்வீச்சு உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பாதிக்கும். வாய் வறண்டால் பற்கள் விரைவில் சொத்தையாகும். அதைவிடப் பெரிய சிக்கல், தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவது. சிகிச்சைக்குப் பிறகு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகக்கூடும். ஆண்டுகள் பல கழிந்தாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை. அதனால்தான் கெட்டுப்போன பற்களை முன்கூட்டியே எடுத்துவிட்டு, புண் ஆற ஏறக்குறைய இரண்டு வாரம் விடுகிறார்கள். அந்த நாள்களை வீண் என்று நினைத்து அவசரப்படுத்துவது தவறு என்பேன்.

அடுத்தது முகமூடி. துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் தகட்டைச் சுமார் 70 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் போட்டால் துணிபோல் இளகும். நீரை ஒற்றியெடுத்து, சூடு பொறுக்கும் அளவுக்கு வந்ததும் முகத்தின்மேல் இழுத்துப் பொருத்துவார்கள். சில நிமிடங்களில் முகத்தின் வடிவிலேயே இறுகிவிடும். வேதியியல் பாடத்தில் வரும் பாலிமர்தான்! அதை அணிந்தபடியே சிடி ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தை வைத்துக் கதிர்கள் பாயவேண்டிய பாதையைக் கணிக்கிறார்கள்.

இவ்வளவு கவனம் எதற்கு? கட்டிக்குப் பொதுவாக 70 கிரே கதிர்வீச்சு தேவை. அதை ஒரே நாளில் தரமுடியாது. வாரத்துக்கு 5 நாள் வீதம் ஏழு வாரம் பிரித்துத் தருவார்கள். சில சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் தண்டுவடமோ ஏறக்குறைய 50 கிரேக்கு மேல் தாங்காது. ஆகவே 35 நாளும் தலை ஒரே இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும்.

2023இல் இங்கே புரோட்டான் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டபோது எல்லாரும் அந்தப் பெரிய இயந்திரத்தைப் பற்றியே பேசினோம். அங்கும் தலையை அசையாமல் பிடித்துவைக்க இப்படியொரு முகமூடிதான். என்னைக் கேட்டால், பள்ளியில் இந்தப் பிளாஸ்டிக் வலைக்கும் ஒரு பாடவேளை ஒதுக்கலாம்.

பாட்டிக்குப் பயமாக இருந்தால் "தைரியமா இருங்க" என்பதோடு நிறுத்தாதீர்கள். துளைகள் வழியே மூச்சு விடலாம், கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், கையைத் தூக்கினால் இயந்திரத்தை நிறுத்துவார்கள் என்று சொல்லுங்கள். கண் பகுதியை வெட்டித் திறந்துவிட முடியுமா என்று மருத்துவக் குழுவிடம் நீங்களே கேட்டும் பாருங்கள்.