ஸ்கின் டேக் எடுக்கணுமா? வெட்கத்துக்கு இஎம்ஐ கட்டாதீங்க!

எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசுற இடத்துல இன்னைக்கு பைல்ஸ் பத்தியான்னு தோணலாம். ஆனா சம்பளக்காரங்க பணம் சத்தமில்லாம கரையுற இடம் இது. வெளிய விசாரிக்கவே கூச்சப்படுற விஷயத்துக்கு, அவங்க சொல்றதுதான் விலை.

முதல்ல, ஸ்கின் டேக்னா என்ன? வெளி மூலம் வீங்கி வத்தின பிறகு ஆசனவாய் ஓரத்துல கொஞ்சம் தோல் மட்டும் தொங்கி நின்னுடும். ஃபிஷர், அதாவது வெடிப்பு இருந்தாலும் வரும். பெரும்பாலும் ஆபத்தில்லாதது. கழுவுறதுல சிரமம், அரிப்பு, மனசுல ஒரு உறுத்தல், அவ்வளவுதான். எடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. அதனால "இந்த வாரமே பண்ணிடணும்"னு யார் அவசரப்படுத்தினாலும் சந்தேகப்படுங்க.

ஆனா நடக்கிறது என்ன? கூகுள்ல தேடி, முதல்ல வர்ற விளம்பரத்துல நம்பரைக் கொடுக்கிறோம். உடனே போன் வருது. பேசுறவர் டாக்டர் இல்ல, சேல்ஸ் டார்கெட் உள்ள ஒருத்தர். ஃப்ரீ கேப், லேசர், நோ காஸ்ட் இஎம்ஐ... உங்களைப் பரிசோதிக்கறதுக்கு முன்னாடியே பேக்கேஜ் ரெடி. இன்னொரு பக்கம், பஸ் ஸ்டாண்ட் சுவத்துல "ஆபரேஷன் இல்லாமல் மூலம், பௌத்திரம்" போஸ்டர். என்னைக் கேட்டா ரெண்டு கடைக்கும் முதலீடு ஒண்ணுதான்: உங்க கூச்சம்.

சரியான டாக்டர் யாரு? எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி முடிச்சு, இந்த வேலையை அடிக்கடி செய்யற சர்ஜன் போதும். சிக்கல் இருந்தா கோலோரெக்டல் சர்ஜன். தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் வெப்சைட்ல பேரைப் போட்டு பதிவு இருக்கான்னு பாத்துக்கலாம். பெண்கள் லேடி சர்ஜன் வேணும்னு தாராளமா கேக்கலாம்.

அவர்கிட்ட இந்த அஞ்சு கேள்வி கேளுங்க:

1. இது ஸ்கின் டேக்தானா, இல்ல ஃபிஷர், மரு மாதிரி வேற எதாவதா?
2. எடுக்காம விட்டா என்ன ஆகும்?
3. லோக்கல் அனஸ்தீஷியா போதுமா? லேசர்னா, அது எதுக்கு?
4. மொத்த பில் எவ்வளவு? எழுதிக் கொடுப்பீங்களா?
5. புண் ஆற எத்தனை நாள், எத்தனை நாள் லீவு?

சின்ன டேக்கை பல நேரம் லோக்கல் அனஸ்தீஷியாவுல எடுத்துட்டு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மலச்சிக்கலைச் சரி பண்ணலைன்னா திரும்ப வரவும் வாய்ப்பு உண்டு. அதைப் பத்தி பேசாத டாக்டர்னா, ரெண்டாவது ஒருத்தரைப் பாருங்க.

இப்ப இன்ஷூரன்ஸ். தனிநபர் பாலிசியில மூலம், ஃபிஷர், பௌத்திரத்துக்கு பெரும்பாலும் 2 வருஷம் வெயிட்டிங் பீரியட் இருக்கும். கம்பெனி குரூப் பாலிசியில பல நேரம் இருக்காது. ஹெச்ஆர்கிட்ட பாலிசி பேப்பரை வாங்கிப் படிங்க. டே கேர்னா 24 மணி நேரம் தங்கத் தேவையில்ல. ஆனா ஓபி-யிலயே எடுத்தா பல பாலிசியில கிடைக்காது. அழகுக்காகன்னா காஸ்மெட்டிக்னு தள்ளிடுவாங்க. "க்ளெய்ம் வாங்க பெரிய மூலம்னு எழுதிக்கலாம்"னு யாராவது சொன்னா, எந்திரிச்சு வந்துடுங்க. இல்லாத நோய் உங்க ரெக்கார்டுல ஏறும். மாட்டினா பாலிசியே ரத்தாகலாம்.

மாச சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ளயா? இஎஸ்ஐ-க்கு உங்க சம்பளத்துல 0.75% ஏற்கெனவே பிடிச்சிருப்பாங்க. காசு கட்டின இடத்துல வைத்தியம் பாத்துக்க என்ன தயக்கம்? அதுக்கு மேலன்னாலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில சர்ஜரி ஓபி இருக்கு. அரை நாள் லீவு போட்டு வரிசையில நின்னா, விற்கிறதுக்கு எதுவும் இல்லாத ஒரு சர்ஜனோட கருத்து கிடைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரத்தம் வந்தாலோ, மலம் கழிக்கிற பழக்கம் மாறினாலோ, எடை குறைஞ்சாலோ "பைல்ஸ்தான்"னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க.

பல்வலின்னா ஆபீஸ்ல நாலு பேர்கிட்ட "நல்ல டென்டிஸ்ட் யாரு?"னு கேக்கறோம்ல? இதையும் அப்படியே கேளுங்க. அந்த ஒரு கேள்வி ஒரு வருஷ இஎம்ஐயை மிச்சப்படுத்தும்.