ஆளில்லா வண்டி அனலை அணைக்குமா?

திறைசேரி வறளும் காலத்தில் ஆட்சியாளரின் கத்தரிக்கோல் முதலில் எங்கே செல்லுகின்றது என்பதை நாம் பல்லாண்டுகளாகக் கண்டுவருகின்றோம். கட்டடத்தின்மேல் அது செல்வது அரிது. வாகனத்தின்மேல் செல்வது அதனினும் அரிது. சம்பளப் பட்டியலின்மேலேதான் அது நேரே போய் விழுகின்றது. காரணம் எளிது. புதிய வாகனத்திற்கு மாலை சூட்டலாம், தேங்காய் உடைக்கலாம், அதன் அருகே நின்று படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பலாம். நள்ளிரவில் மணியடிக்குமோ என்று செவியைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் தீயணைப்பு வீரனுக்கு எவரும் மாலை சூட்டுவதில்லை. அவன் ஓய்வுபெற்றுப் போனபின் அவ்விடத்தை நிரப்பாது விட்டுவிட்டால், தீப்பற்றும் நாள்வரை அதனை ஒருவரும் அறியமாட்டார்.

அறியும் நாளிலோ காலம் கடந்துவிடும். இதற்குச் சான்று தேடி வறிய நாடெதற்கும் போகவேண்டியதில்லை. உலகின் பெருஞ்செல்வ நகரங்களுள் ஒன்றாகிய, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரமே போதும்.

அந்நகரின் 2024-25ஆம் நிதியாண்டுக்கான வரவுசெலவுத் திட்டம், தீயணைப்புத் திணைக்களத்துக்கு முந்திய ஆண்டிலும் பார்க்க ஏறத்தாழ 17.6 மில்லியன் டொலர் குறைவாக ஒதுக்கிற்று. பின்னர் சம்பள உயர்வுக்கென 53 மில்லியன் டொலரும், புதிய தீயணைப்பு வண்டிகள் முதலிய கொள்வனவுகளுக்கென 58 மில்லியன் டொலரும் சேர்க்கப்பட்டன. மொத்தத்தை மட்டும் கூட்டிப் பார்ப்போர்க்குத் திணைக்களத்தின் பணம் குறையவில்லை, கூடியதே என்று தோன்றும். நகர மண்டபத்தாரும் அவ்வாறே வாதாடினர். அவர்கள் கூட்டலில் பிழையில்லை.

ஆனால் கூட்டுத்தொகைக்கு அடியிலே வேறொரு கணக்கு மறைந்துகிடந்தது. சீருடை அணியாத ஊழியரின் பதவிகள் பல நீக்கப்பட்டிருந்தன. அவற்றுள் வாகனங்களைத் திருத்தும் மெக்கானிக்குகளின் பதவிகளும் அடங்கும். மேலதிக நேர வேலைக்கான பணத்தில் ஏறத்தாழ 7 மில்லியன் டொலர் வெட்டப்பட்டிருந்தது. 2024 டிசெம்பர் 4ஆம் நாள், தீயணைப்புத் தலைமை அதிகாரி கிறிஸ்டின் குரோலி அம்மையார் தம் ஆணைக்குழுவிற்கு எழுதிய அறிக்கையில், இவ்வெட்டுகள் பயிற்சியையும் தீத்தடுப்புப் பணியையும் பாதித்துள்ளன என்றும், காட்டுத்தீ போன்ற பேரிடர்களுக்கு ஆயத்தம் செய்யும் ஆற்றலைக் கடுமையாகக் குறைத்துவிட்டன என்றும் எச்சரித்தார். எச்சரிக்கை எழுதி ஐந்து வாரங்கள் நிறையுமுன், 2025 ஜனவரி 7ஆம் நாள், பசிபிக் பலிசேட்ஸ் பகுதியில் தீ மூண்டது. 12 பேர் மாண்டனர். 6,800க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

அன்று வீசியது சூறைக்காற்று. ஆட்கள் நிறைந்திருந்தால் ஒரு வீடும் எரிந்திராது என்று நாம் கூறவரவில்லை. காற்றைத் துணைகொண்ட காட்டுத்தீயின் வலிமையை அறிந்த எவரும் அவ்வாறு கூறார். அத்தீயின் பின்னர் எழுந்த வழக்கையே நாம் வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம்.

லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளேடு ஆராய்ந்து வெளியிட்ட செய்தி இது: முறை முடிந்து வீடு திரும்பவிருந்த ஏறத்தாழ 1,000 தீயணைப்பு வீரரைத் தொடர்ந்து கடமையில் நிறுத்திவைக்கக் கட்டளை பிறக்கவில்லை, மேலதிகமாக அனுப்பத்தக்க 40க்கு மேற்பட்ட வண்டிகளுள் ஐந்துக்கு மட்டுமே ஆட்கள் அமர்த்தப்பட்டனர். ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய இச்செயலைக் குற்றமாகச் சாட்டி, மேயர் கரென் பாஸ் அம்மையார் பெப்ரவரி 21ஆம் நாள் குரோலியைப் பதவியினின்றும் நீக்கினார். தீயணைப்பாளர் தரப்பின் மறுமொழி யாது? ஆட்களை நிறுத்திவைத்திருந்தாலும் அவர்களை ஏற்றி அனுப்புவதற்கு ஓடும் நிலையில் போதிய வண்டிகள் இல்லை; 100க்கு மேற்பட்ட வாகனங்கள் திருத்துவாரின்றிப் பணிமனையில் கிடந்தன என்பதே.

இவ்விரு கூற்றுகளையும் அருகருகே வைத்து நோக்குக. வண்டி இருந்தது, ஆளை அமர்த்தவில்லை என்கின்றனர் ஒரு தரப்பார். ஆள் இருந்தனர், வண்டி ஓடவில்லை என்கின்றனர் மறு தரப்பார். எவர் கூற்றில் எவ்வளவு உண்மை உண்டென்பதை அந்நகரத்தார் தீர்த்துக்கொள்ளட்டும். இரு தரப்பாருக்கும் நடுவே காணாமற்போன ஒருவன் இருக்கின்றான். எண்ணெய் படிந்த கையோடு வண்டியின் அடியிற் படுத்து வேலைசெய்யும் மெக்கானிக்கே அவன். 58 மில்லியன் டொலருக்குப் புதியன வாங்கத் துணிந்த நகரம், உள்ளதை ஓடும் நிலையில் வைத்திருப்பவனுடைய சம்பளத்திலே மிச்சம் பிடிக்கப் பார்த்தது. ஆனை வாங்கியவன் அங்குசம் வாங்கக் கணக்குப் பார்த்த கதை இதுவன்றோ?

அத்தீயின் பிறப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2025 ஒக்டோபரில் அமெரிக்க மத்திய அரசின் வழக்குத்தொடுநர் நீதிமன்றில் வைத்த கூற்றின்படி, ஜனவரி முதலாம் நாள் அதே மலைச்சரிவில் மூண்டு, அணைந்துவிட்டதென்று கருதப்பட்ட சிறு தீயே மண்ணுக்கடியில் வேர்களினூடே கனன்றுகிடந்து, ஆறு நாள் கழித்துப் பெருங்காற்றில் மீண்டெழுந்தது. காடு வெட்டிச் சுட்டுப் பயிர்செய்த வன்னிக் கமக்காரரைக் கேட்டால் இதன் பொருளைச் சொல்லுவர். சுவாலை அடங்கியவுடன் வீட்டுக்குப் போகிறவன் தீயை அணைத்தவன் ஆகான். அடிக்கட்டையைக் கிளறிப் பார்த்து, சாம்பலிலே கைவைத்துப் பார்த்து, தணலுக்குக் காவலிருக்கிறவனே அணைத்தவன். அக்காவலை எந்தப் புதிய வண்டியும் தானாகச் செய்துவிடாது.

இங்கே கணக்காளர் எழுந்து மறுப்புரைப்பார். வாகனம் மூலதனச் செலவு, ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது என்பார். சம்பளமோ மீண்டெழும் செலவு, ஆண்டுதோறும் கொடுக்கவேண்டும், ஓய்வூதியமாகவும் தொடரும் என்பார். நெருக்கடிக் காலத்தில் ஒருமுறைச் செலவையே நாம் தாங்கமுடியும் என்று முடிப்பார். மேற்பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் வாதம் இது. ஆனால் டீசலும், டயரும், பம்பியின் உதிரிப்பாகங்களும், ஓட்டுநரின் பயிற்சியும் எந்தக் கணக்கில் வருவன? உழவு இயந்திரம் வாங்கிய கமக்காரனைக் கேளுங்கள். வங்கிக்கடன் தீர்ந்த பின்னும் அது தின்னும் பணத்தின் கணக்கை அவன் சொல்லுவான். மருத்துவரைக் கேளுங்கள், இயக்குவாரின்றி உறையோடு நிற்கும் கருவியால் எத்தனை நோயாளர் பயன்பெற்றனர் என்பதை அவர் சொல்லுவார். மீண்டெழும் செலவைத் தரமாட்டேன் என்று கூறிக்கொண்டே மூலதனச் செலவுக்குக் கையெழுத்திடுபவர் எதையும் சேமிக்கவில்லை. வாங்கிய அன்றே அந்த மூலதனத்தைத் துருவுக்குத் தானம் செய்கின்றார்.

பழைய வண்டியை நம்பி வீரரைத் தீக்குள் அனுப்பலாமா என்று வேறு சிலர் கேட்பர். அனுப்பலாகாது. நடுவழியில் நின்றுவிடும் வண்டியும், நீரை ஏற்றாத பம்பியும் வீரனுக்கும் கேடு, வீட்டுக்காரனுக்கும் கேடு. வாகனமே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. ஆனால் இன்றைய சந்தை நிலவரத்தையும் நோக்கவேண்டும். அமெரிக்காவில் நீரிறைக்கும் தீயணைப்பு வண்டியொன்று இப்பொழுது ஏறத்தாழ ஒரு மில்லியன் டொலர் விலைபோகின்றது. ஏணி வண்டியோ இரண்டு மில்லியனை எட்டுகின்றது. கட்டளை கொடுத்த பின்னும் வண்டி வந்துசேர ஆண்டுகள் செல்லுகின்றன. வண்டி செய்வோர் ஒருசில நிறுவனத்தாராகக் குறுகிப்போனமையை, 2025 செப்டெம்பரில் அந்நாட்டுச் செனற் சபையின் உபகுழுவொன்றே விசாரணைக்கு எடுத்தது. ஆகவே, ஆளை நீக்கி அப்பணத்தில் வண்டி கேட்கும் நகரம் ஆளை இன்றே இழக்கின்றது. வண்டியையோ சில ஆண்டு கழித்துப் பெறுகின்றது. இடைக்காலத்தில் தீ தவணை கொடுத்துக் காத்திருக்குமா? அத்தனை ஆண்டும் பழைய வண்டியை ஓடவைக்க வேண்டியவன் மெக்கானிக் அன்றோ? அவனையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன?

ஆள் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவோர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகின்றனர் என்பாரும் உளர். அது அளந்து கண்ட பொருள். 2010ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நியமங்கள், தொழில்நுட்ப நிறுவனம், சாதாரண குடியிருப்பு வீட்டில் எழும் தீயை மாதிரியாகக் கொண்டு பரிசோதனைகளை நடத்தியது. அணைத்தலுக்கும் மீட்புக்கும் இன்றியமையாத 22 வேலைகளை, வண்டிக்கு நால்வராகச் சென்ற குழு, இருவராகச் சென்ற குழுவிலும் 30 வீதம் விரைவாகவும், மூவராகச் சென்ற குழுவிலும் 25 வீதம் விரைவாகவும் செய்து முடித்தது. மாற்றப்பட்டது ஆட்தொகை ஒன்றே. அந்நாட்டுத் தொழிற் பாதுகாப்பு விதியொன்று, எரியும் கட்டடத்துள் இருவர் புகும்போது வெளியே இருவர் ஆயத்தமாக நிற்கவேண்டும் என்று 1998 முதல் வற்புறுத்துகின்றது. உள்ளே உயிர் அகப்பட்டிருப்பது தெரிந்தாலன்றி, மூவரோடு வந்த வண்டி அடுத்த வண்டி வரும்வரை வாசலிலே காத்துநிற்க வேண்டியதுதான். ஒரு சம்பளம் மிச்சம். ஒரு வீடு நட்டம்.

இலண்டன் மாநகரின் அனுபவமும் சிந்திக்கத்தக்கது. அங்கே செலவுக் குறைப்பென்று கூறி, 2014 ஜனவரி 9ஆம் நாள் 10 தீயணைப்பு நிலையங்களை ஒரே நாளில் மூடினர். 14 வண்டிகளும் 552 வீரர் பதவிகளும் அத்திட்டத்தால் ஒழிந்தன. 2017 ஜூன் 14ஆம் நாள் கிறென்பெல் மாடிக்கட்டடம் எரிந்து 72 பேர் மாண்டனர். அவ்விரவில் உயர ஏணி வண்டியொன்றை அயல் மாவட்டமாகிய சரேயிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. பின்னர் இலண்டன் படைக்கு 64 மீற்றர் உயர ஏணி வண்டிகள் வாங்கப்பட்டன. வாங்கியது நன்றே. ஆயினும் 2019 ஒக்டோபரில் வெளிவந்த விசாரணை அறிக்கை என்ன சொல்லிற்று? தீ கட்டடத்தைச் சூழ்ந்தமைக்கு அதன் எரியும் தன்மையுள்ள வெளிப்போர்வையே முதற்காரணம் என்றது. படையின்மீது அது கண்ட பெருங்குறை, இத்தகைய தீக்கு வேண்டிய திட்டமும் பயிற்சியும் இல்லாமை; குடியிருப்போரை வெளியேறச் சொல்லவேண்டிய நேரம் கடந்தும் உள்ளேயே இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தமை. ஏணியைக் காசோலையால் வாங்கிவிடலாம். வெளியேறுங்கள் என்று உரிய நேரத்தில் கட்டளையிடும் துணிவுள்ள அதிகாரியை, ஆண்டுக்கணக்காக வேலையில் வைத்துப் பயிற்றியே பெறமுடியும்.

இவை கடல்கடந்த கதைகள் என்று நம்மவர் வாளாவிருத்தல் ஆகாது. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்த இரவில், அம்மாவட்டத்துக்கென ஒரு தீயணைப்புப் படை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வரவேண்டியிருந்தது. போரில் எல்லாம் இழந்து மீண்டும் கடைபோட்ட வியாபாரிகளின் உழைப்பு சாம்பலாயிற்று. ஆதலின், நம் ஊர்களுக்கு வாகனம் வருவதை நாம் வெறுப்போம் என்று எவரும் எண்ணவேண்டாம். வாகனத்தை ஒரு தூதரகமோ தொண்டு நிறுவனமோ நன்கொடையாகத் தரக்கூடும். அதில் ஏறும் ஆளை எவரும் நன்கொடையாகத் தரார். ஆளணிக்கு அங்கீகாரம் வழங்கும் அதிகாரம் கொழும்பிலே, திறைசேரியைச் சார்ந்த முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் கையிலே இருக்கின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அக்கை மேலும் இறுகிற்று. இந்நிலையில், வண்டியைப் பெற்றுக்கொண்டு ஆளணியைக் கேளாதிருக்கும் மன்றம் தன் கொட்டகைக்கு அழகு தேடுகின்றது. ஊருக்குக் காவல் தேடவில்லை.

ஆகவே, நம் உள்ளூராட்சி மன்றங்களின் அடுத்த வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வரும்போது, வரியிறுப்போர் மூன்று வினாக்களை எழுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம். முதலாவது: இரவு முறையில் பயிற்சி பெற்ற வீரர் எத்தனைபேர் நிலையத்தில் இருப்பர்? ஆண்டறிக்கையில் உள்ள தொகை எமக்கு வேண்டாம்; நள்ளிரவு இரண்டு மணிக்குக் கடமையில் நிற்கும் தொகையே வேண்டும். இரண்டாவது: வண்டி பழுதுற்றால் அதனைத் திருத்துபவர் யார், அவர் சம்பளம் எந்தத் தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட்டுள்ளது? மூன்றாவது: நிரப்பப்படாத பதவிகள் எத்தனை, அவற்றைக் கேட்டுத் திறைசேரிக்குக் கடிதம் எழுதிய நாள் எது, மறுமொழி வந்த நாள் எது?

இவற்றிற்கு விடை சொல்லக்கூடிய தலைவர் புதிய வண்டிக்கு நாடா வெட்டட்டும். நாமும் போய்க் கைதட்டுவோம். விடை சொல்லமாட்டாதவர் அவ்விழாவைச் சில காலம் ஒத்திவைத்து, அதற்காகும் பணத்தையும் நேரத்தையும் வெற்றிடங்களை நிரப்புவதில் செலவிடட்டும். முதலில் ஆள், அடுத்து, உள்ள வண்டியைத் திருத்துபவன், அதன் பின்னரே புதிய வண்டி. செலவைக் குறைக்கத்தான் வேண்டுமெனில், இவ்வொழுங்கின் கடைசியிலிருந்து குறைத்து வருக. முதலிலிருந்து குறைக்க முனைவோரைச் சபையிலும் சந்தியிலும் நிறுத்திக் கேள்வி கேட்பது, தன் வீட்டுக் கூரையில் அக்கறையுள்ள ஒவ்வொருவரதும் கடமையாகும்.